காருக்குள் ஒரு கூண்டு

பந்தயக் கார் ஒன்று நிலைதவறி, நாலைந்து முறை உருண்டு, தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். வெளித் தகரம் அப்பளம்போல் நொறுங்கிக் கிடக்கும். சற்று நேரத்தில் ஓட்டுநர் சன்னல் வழியாகத் தாமே வெளியே வந்து கையசைப்பார். இது தற்செயலன்று. அந்தத் தகரத்திற்குள் எஃகுக் குழாய்களால் ஆன கூண்டு ஒன்று இருக்கிறது. ‘ரோல் கேஜ்’ எனப்படும் இதனை நாம் காப்புக் கூண்டு என்போம். வலிய குழாய் ஒன்றை வளைத்து வைத்தால் போதும் என்ற எண்ணத்தில் தொடங்கியது இதன் வரலாறு. அவ்வெண்ணம் எப்படி மாறியது என்று காண்போம்.

1949 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில், கடையில் விற்கும் கார்களையே கொண்டு நாஸ்கார் அமைப்பு ஒரு பந்தயம் நடத்தியது. லீ பெட்டி என்பவர் இரவல் வாங்கிய பியூக் காரில் கலந்துகொண்டார். அது உருண்டு கவிழ்ந்தது, அவர் பிழைத்துக்கொண்டார். சாலைக் காரின் கூரைத் தகரமே அன்றைய பாதுகாப்பு. அக்காலத்து ஐரோப்பிய ஓட்டுநர்கள் பலர் இருக்கைப் பட்டையைக்கூட விரும்பவில்லை. தீப்பற்றிய காருக்குள் சிக்குவதைவிட வெளியே வீசி எறியப்படுவதே மேல் என்று அவர்கள் கருதினர்.

1950-களில் அமெரிக்கப் பந்தயக்காரர்கள் ஓட்டுநரின் முதுகுப்புறம் ஒரு குழாய் வளையத்தை நிறுத்தத் தொடங்கினர். ஃபார்முலா ஒன் கார்களில் 1961ஆம் ஆண்டு வளையம் கட்டாயமாயிற்று. ஆனால் பல கார்களில் அது ஓட்டுநரின் தலைக்கவசத்தைவிடத் தாழ்வாகவே இருந்தது! அத்தகைய கார் கவிழ்ந்தால் தரையை முதலில் தொடுவது தலைதான்; வளையமன்று. வளையம் தலையைவிட 5 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும் என்ற விதி 1960-களின் இறுதியில்தான் வந்தது.

குழாய் எதற்கு, கெட்டியான கம்பி ஆகாதா என்று கேட்கலாம். பறவையின் எலும்பும் நாணலும் உள்ளீடற்றவையாக இருந்தும் வலுவாக இருப்பதன் காரணத்தைக் கலிலியோ தமது 1638ஆம் ஆண்டு நூலிலேயே ஆராய்ந்திருக்கிறார். பன்னாட்டு மோட்டார் கூட்டமைப்பின் விதி முதன்மை வளையத்திற்கு அனுமதிக்கும் அளவுகளில் ஒன்று, 45 மி.மீ. வெளிவிட்டமும் 2.5 மி.மீ. சுவர்த் தடிப்பும் கொண்ட எஃகுக் குழாய். இதன் ஒரு மீட்டர் நீளம் சுமார் 2.6 கிலோகிராம். அதே எடையுள்ள எஃகைக் கெட்டிக் கம்பியாக ஆக்கினால் அதன் விட்டம் 20.6 மி.மீ. மட்டுமே இருக்கும். வளைவை எதிர்க்கும் விறைப்பைக் கணக்கிட்டால் குழாய் அக்கம்பியைப்போல் எட்டரை மடங்கு விறைப்பானது. மையத்திலிருந்து பொருள் விலகி நிற்க நிற்க விறைப்பு பெருகும் என்பதே இதன் தத்துவம்.

ஆயினும் ஒற்றை வளையம் முன்னும் பின்னும் சாய்ந்துவிடும். நான்கு குச்சிகளை ஆணியடித்துச் சதுரமாக்கி, ஒரு மூலையைத் தள்ளிப் பாருங்கள்; சதுரம் சரிந்து போகும். மூலைவிட்டமாக ஐந்தாவது குச்சியை அடித்தால் இரண்டு முக்கோணங்கள் உண்டாகும். பிறகு அது அசையாது. இந்தப் பாடத்தின்படியே பின்புறத் தாங்கிகள், முன்வளையம், குறுக்குக் குழாய்கள், கதவுப்புறக் குழாய்கள் ஆகியவை சேர்ந்தன. வளையம் கூண்டாயிற்று.

அடுத்த சிக்கல் காலடியில் இருந்தது. காரின் தரைத் தகடு ஏறக்குறைய 1 மி.மீ. தடிப்புதான். குழாயின் வெட்டுப் பரப்போ 3.3 சதுர செ.மீ. கார் கவிழும்போது வரும் விசை முழுவதும் அந்தச் சிறு பரப்பில் விழுந்தால், குழாய் வளையாமலேயே தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். கட்டில் கால் மணலில் புதைந்தால் அடியில் பலகை வைப்பதில்லையா? அதுபோலக் குறைந்தது 3 மி.மீ. தடிப்பும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள எஃகுத் தகட்டை வைக்க வேண்டும் என்கிறது விதி. அழுத்தம் ஏறத்தாழ 36இல் ஒரு பங்காகக் குறைகிறது.

இனி, குழாய்களை ஒன்றாக்கும் பற்றவைப்புக்கு வருவோம். இக்கலையைக் கார் உலகம் விமானத் தொழிலிடமிருந்து பெற்றது. முதல் உலகப் போர்க் காலத்திலேயே ஃபாக்கர் விமானங்களின் உடற்சட்டம் பற்றவைத்த எஃகுக் குழாய்களால் ஆனது. 1941இல் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரசல் மெரிடித், டங்ஸ்டன் மின்முனையைச் சுற்றி ஹீலியம் வாயுவைச் செலுத்திப் பற்றவைக்கும் முறையை உருவாக்கினார். காற்றிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் உருகிய உலோகத்தை அணுகினால் இணைப்பு கெட்டுவிடும்; மந்த வாயு அவற்றை விலக்கி வைக்கிறது. இன்று பெரும்பாலும் ஆர்கான் பயன்படுகிறது.

குழாயின் எஃகில் கார்பன் 0.3 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்பதும் விதி. கார்பன் மிகுந்தால், பற்றவைத்த இடத்தை அடுத்த பகுதி விரைந்து குளிரும்போது கடினமாகி, நொறுங்கும் தன்மை அடைந்துவிடும்.

இங்கே பட்டறையில் ஒரு தொல்லை உண்டு. ஒவ்வோர் இணைப்பையும் குழாயைச் சுற்றி முழுவட்டமாகப் பற்றவைக்க வேண்டும். ஆனால் கூண்டின் மேல்மூலைகள் கூரைத் தகரத்தை ஒட்டி நிற்கும். அங்கே கையும் நுழையாது, டார்ச்சும் நுழையாது. ஆகவே தேர்ந்த வெல்டர்கள் தரைத் தகட்டில் துளைகள் வெட்டிக் கூண்டைக் கீழே இறக்குவர். மேல் இணைப்புகளின் மறுபக்கத்தைப் பற்றவைத்து, கூண்டை உயர்த்தி, துளைகளின்மேல் தகடுகளை வைத்து, பிறகே கால்களைப் பொருத்துவர். முக்கால் வட்டத்தோடு நிறுத்திவிட்டாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. கார் உருளும் நாளில்தான் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டறிய 1969இல் வெளிவந்த போர்ஷே 917 காரில் எளிய உபாயம் ஒன்று இருந்தது. அதன் அலுமினியக் குழாய்ச் சட்டத்தினுள் வாயுவை அழுத்தி அடைத்து வைத்தனர். வாயுவின் அழுத்தம் குறைந்தால், எங்கோ ஓர் இணைப்பு விரிந்துவிட்டது என்று பொருள்!

இத்தனை கற்ற பின்னரும் பாடம் முடியவில்லை. 2022 ஜூலை 3 அன்று இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தளத்தில் சீன ஓட்டுநர் ஜோ குவான்யுவின் கார் கவிழ்ந்தது. சோதனைகளில் தேறிய வளையம் முறிந்துபோயிற்று. கார் தலைகீழாகச் சறுக்கிச் சென்று தடுப்பு வலையில் மோதியது. 2018 முதல் கட்டாயமாக்கப்பட்ட ‘ஹாலோ’ என்னும் டைட்டானியச் சட்டம் அவர் தலையைக் காத்தது. சோதனைக் கூடத்தில் செலுத்திய விசையும் தளத்தில் வந்த விசையும் ஒன்றல்ல என்பது புரிந்தது. 2023ஆம் ஆண்டு விதிகளில், தரையில் குத்தி நிற்காதபடி வளையத்தின் உச்சி உருண்டையாக்கப்பட்டது. முன்னோக்கித் தள்ளும் விசையைத் தாங்கும் சோதனையும் சேர்க்கப்பட்டது.

ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் தம் சாலைக் காரில் கூண்டு பொருத்த முனைய வேண்டாம். தலைக்கவசமும் தோள் பட்டைகளும் அணிந்தவருக்கே அது காப்பு. வெறுந்தலையுடன் செல்பவருக்கு, சிறு மோதலிலும் மண்டையைப் பிளக்கக்கூடிய எஃகுக் குழாய் அது.

ஓட்டுநரின் பெயரும் காரின் பெயரும் செய்தித்தாளில் வரும். கூரைக்கும் குழாய்க்கும் இடையே ஒருவர் பொறுமையாக முழுவட்டமாக இட்ட பற்றவைப்பு எந்தச் செய்தியிலும் வராது. கவிழ்ந்த காரிலிருந்து எழுந்து வரும் மனிதரே அதற்குச் சான்று.