எஸ்த்ரெமாதுரா கால்பந்துக் கிளப் (1924–2010)

ஸ்பெயினின் தென்மேற்கில், போர்ச்சுகல் எல்லையைத் தொடும் படஹோஸ் மாகாணத்தில் இருக்கிறது அல்மென்த்ராலெஹோ. செம்மண் பூமி. திராட்சையும் ஆலிவும்தான் பிழைப்பு. முப்பதாயிரம் பேர்கூட இல்லாத காலத்திலேயே இந்த ஊர் ரியல் மாட்ரிட்டையும் பார்சிலோனாவையும் தன் மைதானத்துக்கு வரவழைத்து மோதியது. அந்தப் பெருமையைத் தேடித் தந்த நீலம்-சிவப்புச் சட்டை அணி 2010-இல் இழுத்து மூடப்பட்டது. பெரிய கிளப்புகளின் சின்னச் சின்னச் சறுக்கலுக்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இந்தச் சாவுக்கும் நாலு வார்த்தை எழுத வேண்டும்.

பிறந்தது 1924-இல். ஆயுளில் பெரும்பகுதி கீழ் டிவிஷன்களில்தான் கழிந்தது. 1994-இல் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியது. இரண்டே ஆண்டில், பயிற்சியாளர் ஹோசு ஒர்துவோந்தோவின் கீழ், பிளேஆஃபில் அல்பாசெத்தேவை வீழ்த்தி முதல் டிவிஷனுக்குள் நுழைந்தது.

1996–97 பருவம் சாதாரணப் பருவமல்ல. பார்சிலோனாவுக்காக பிரேசிலின் ரொனால்டோ 34 கோல் அடித்ததும், கபெல்லோவின் ரியல் மாட்ரிட் பட்டம் வென்றதும் அப்போதுதான். அந்தக் கூட்டத்துக்கு நடுவே அல்மென்த்ராலெஹோவின் கோல்கம்பத்தைக் காத்தவர் போகா ஜூனியர்ஸிலிருந்து வந்த நவாரோ மொந்தோயா. 1990 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அர்ஜென்டினாவுக்கு ஆடிய பசுவால்தோவும் இதே சட்டையைப் போட்டார். தொடக்கத்தில் தோல்வி மேல் தோல்வி. பருவத்தின் பிற்பாதியில் அணி நிமிர்ந்து நின்றது. கடைசியில் 22 அணிகளில் 19-ஆம் இடம். செவியாவே இதற்குக் கீழேதான் இருந்தது! லீக்கை 20 அணிகளாகச் சுருக்க முடிவாகியிருந்ததால், கடைசி நான்கு அணிகளும் நேரடியாக இறக்கப்பட்டன. எஸ்த்ரெமாதுராவும் இறங்கியது.

பக்கத்து ஊர் மெரிதாவையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பத்தாண்டின் அழகு புரியும். 1995 முதல் 1999 வரை நான்கு பருவங்களும் எஸ்த்ரெமாதுரா வட்டாரத்துக்கு முதல் டிவிஷனில் ஓர் அணி இருந்தது: ஓராண்டு மெரிதா, மறு ஆண்டு அல்மென்த்ராலெஹோ. ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும். ஸ்பெயினின் ஏழை வட்டாரங்களில் ஒன்று செய்து காட்டிய காரியம் இது. மெரிதா கிளப் 2000-இலேயே கலைந்துபோனது.

1997-இல் அல்மென்த்ராலெஹோவுக்கு ஓர் இளம் பயிற்சியாளர் வந்தார். வயாதோலிதும் ஒசாசுனாவும் வேலையை விட்டு அனுப்பியிருந்த ரஃபா பெனிதெஸ். முதல் பருவத்திலேயே அணியைத் திரும்ப மேலே ஏற்றினார். பின்னாளில் வலென்சியாவுக்கு இரண்டு லீக் பட்டங்கள், 2005-இல் லிவர்பூலுக்கு சாம்பியன்ஸ் லீக் என்று அவர் வென்றதெல்லாம் உலகம் அறிந்தது. அவருக்கு மறுவாழ்வு கொடுத்த ஊர் இது என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்கள்?

1999-இல் மீண்டும் சறுக்கல். 17-ஆம் இடத்தில் முடித்து, பிளேஆஃபில் ராயோ வயேகானோவிடம் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது. அதே பிளேஆஃப் சுற்றில் இன்னொரு சிற்றூர் அணியும் செவியாவிடம் தோற்று இறங்கியது. அதன் பெயர் வியாரியால். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே குழியில் விழுந்தவை. வியாரியாலுக்குப் பின்னால் ஓடு தயாரிப்புத் தொழிலதிபர் பெர்னாந்தோ ரோய்கின் பணம் இருந்தது. அது அடுத்த ஆண்டே மேலே வந்தது, 2021-இல் யூரோப்பா லீக்கையும் வென்றது. அல்மென்த்ராலெஹோவுக்கு அப்படி ஒரு கை கிடைக்கவில்லை. 2002-இல் மூன்றாம் நிலைக்கு இறங்கியது. 2007-இல் கடன் அதை வட்டார லீக் வரை தள்ளியது. அதன்பின் மூன்றாண்டு மூச்சுத் திணறல், அவ்வளவுதான்.

அந்த 2007-இலேயே ஊரில் எஸ்த்ரெமாதுரா யுனியோன் தெபோர்திவா என்ற புதிய அணி முளைத்தது. அதே பிரான்சிஸ்கோ தெ லா ஹேரா மைதானம், அதே நிறங்கள். அடித்தட்டிலிருந்து ஏறி 2018-இல் இரண்டாம் டிவிஷனைத் தொட்டது. ஆர்சனலின் தோல்வி காணாத 2003–04 அணியில் ஆடிய ஹோசே அந்தோனியோ ரெயெஸ் இதற்கு ஆடிக்கொண்டிருந்தபோதுதான், 2019 ஜூன் 1 அன்று கார் விபத்தில் இறந்தார். 2022-இல், பருவம் முடியும் முன்பே, சம்பளம் கொடுக்க வழியில்லாமல் இந்த அணியும் செத்தது. ஒரே ஊர், ஒரே நோய்.

ஊரிடம் ஆட்டக்காரர்களுக்கோ ரசிகர்களுக்கோ குறைவில்லை. ஸ்பெயினில் ஒவ்வொரு கிளப்பும் தொலைக்காட்சி உரிமையைத் தனித்தனியாக விற்ற காலம் அது. பெரிய இரண்டு கிளப்புகளுக்கே பெரும்பங்கு போனது. சிறிய அணி மேலே ஏறினால் மேல்தட்டுச் சம்பளம், இறங்கினால் கீழ்த்தட்டு வருமானம். மைதானத்தில் தோற்ற அணி அடுத்த ஆண்டு எழுந்துவிடும். கணக்குப் புத்தகத்தில் தோற்ற அணி எழுவதில்லை. உரிமையை ஒன்றாக விற்றுப் பகிரும் சட்டம் 2015-இல்தான் வந்தது. அல்மென்த்ராலெஹோவின் முதல் அணிக்கு அது ஐந்தாண்டு தாமதம். அந்தத் தாமதத்துக்கு ஸ்பெயின் கால்பந்தை நடத்தியவர்களே பொறுப்பு.