கால்நடை மருந்துக் குளியல்

கால்நடைகளின் தோலில் ஒட்டி வாழும் உண்ணி, பேன், சொறிப்பூச்சி ஆகியவற்றை ஒழிக்கவும் குளம்பு நோய்களை அடக்கவும் விலங்கை மருந்துக் கரைசலில் முக்கியெடுக்கும் முறை மருந்துக் குளியல் எனப்படும். மாட்டுக்கான தொட்டி நீண்டு, ஒடுங்கி, ஆழமாக இருக்கும். மாடு ஒரு முனையில் குதித்துத் தலைவரை மூழ்கி நீந்தி, மறுமுனைச் சரிவில் ஏறி வடிதளத்தில் நிற்கும். உடம்பிலிருந்து வடிவது தொட்டிக்கே திரும்பும். குளம்புக்கு ஆழம் குறைந்த வாய்க்கால் போதும். இம்முறையின் வரலாற்றை மருந்துகளின் வரலாறாக எழுதுவதே வழக்கம்: ஆர்செனிக் போய் டி.டி.டி. வந்தது, அது போய் ஆர்கனோபாஸ்பேட் வந்தது என்று. சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பூச்சியின் வாழ்நாளுக்கு ஏற்ற இடைவெளியும், ஒரு விலங்குகூட விடுபடாமல் திரட்டும் ஏற்பாடுமே வெற்றியைப் பெரிதும் தீர்மானித்தன. ஒழிப்பை இலக்காக வைத்த குளியல் பல இடங்களில் நோயை முடித்தது. முடிவின்றி நீண்ட குளியல் புதிய கேடுகளைக் கொண்டுவந்தது.

தொடக்கம்

முதல் தேவை செம்மறிகளுக்கு ஏற்பட்டது. சோரோப்டெஸ் என்னும் நுண்ணிய பூச்சியால் வரும் சொறியில் ஆடு அரிப்புத் தாங்காமல் வேலியில் உரசும். கம்பளி கற்றை கற்றையாக உதிரும். 1830-இல் ஸ்காட்லாந்தின் கோல்ட்ஸ்ட்ரீமில் ஜார்ஜ் வில்சன் ஆர்செனிக் கலந்த குளியல் மருந்தை உருவாக்கினார். 1852-இல் இங்கிலாந்தின் பெர்காம்ஸ்டெட்டில் கால்நடை மருத்துவர் வில்லியம் கூப்பர் ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த பொடியை விற்கத் தொடங்கினார். ஆனால் மருந்து பிறந்த நாட்டில் நோய் ஒழிய 1952 வரை ஆயிற்று. ஆஸ்திரேலியாவோ 1896-க்குள் சொறியை முடித்துவிட்டது. 1940-களில் வந்த பி.எச்.சி. என்னும் புதிய மருந்தே பிரிட்டனைக் காத்தது என்று வாதிடலாம். அம்மருந்து கைகொடுத்தது உண்மைதான். எனினும் அரை நூற்றாண்டுக்கு முன்பே பழைய மருந்துகளைக் கொண்டு ஆஸ்திரேலியா சாதித்ததை அந்த வாதம் விளக்குவதில்லை.

உண்ணியின் நாட்கணக்கு

மாட்டுக் குளியலுக்கு அடித்தளமிட்டது டெக்சாஸ் காய்ச்சல். அமெரிக்காவின் தென்பகுதி மாடுகள் நலமாகவே தோன்றின. அவை கடந்துபோன வழியில் மேய்ந்த வடபகுதி மாடுகள் மடிந்தன. தியோபால்டு ஸ்மித்தும் ஃபிரெடெரிக் கில்போர்னும் 1893-இல் வெளியிட்ட ஆய்வு, இரத்தச் சிவப்பணுவில் வாழும் பபேசியா ஒட்டுண்ணியை உண்ணியே கடத்துகிறது என்று நிறுவியது. கன்றுப் பருவத்திலேயே மெல்லிய தொற்றுக்கு ஆளாகி எதிர்ப்பாற்றல் பெற்றதால்தான் தெற்கு மாடுகள் தப்பின. இவ்வுண்ணி இளம்பருவம் முதல் முதிர்ச்சி வரை ஒரே மாட்டில், ஏறத்தாழ மூன்று வாரம், தங்குவது. ஆகவே 14 நாளுக்கு ஒருமுறை குளிப்பாட்டினால், முட்டையிடக் கீழே விழுமுன் அது செத்துவிடும். இக்கணக்கோடு 1906-இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டம், மெக்சிகோ எல்லையோரப் பட்டை ஒன்றைத் தவிர, 1943-இல் நிறைவேறியது. இடையே தென் மாநிலங்களில் தொட்டிகளை வெடிவைத்துத் தகர்த்தவர்களும் உண்டு. அதை அறியாமை என்று ஒதுக்குவது சரியல்ல. சிறு விவசாயியின் மாடுகளுக்கு ஏற்கனவே எதிர்ப்பாற்றல் இருந்தது. இரு வாரத்துக்கு ஒருமுறை அவற்றை ஓட்டிச்செல்லும் உழைப்பு அவனுடையது, வடக்குச் சந்தை திறந்த ஆதாயமோ பெரும்பாலும் பெரும்பண்ணையாருடையது.

தென்னாப்பிரிக்காவில் கணக்கு மாறியது. 1902-இல் நுழைந்த கிழக்குக் கடற்கரைக் காய்ச்சலைப் பரப்பும் உண்ணி, பருவத்துக்கு ஒரு விலங்காக மூன்று விலங்குகளில் ஏறி, ஒவ்வொன்றிலும் சில நாட்களே தங்குவது. 14 நாள் இடைவெளிக்குள் அது உண்டு முடித்து இறங்கிவிடும். நேட்டாலில் ஹெர்பர்ட் வாட்கின்ஸ்-பிட்ச்ஃபோர்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, வீரியம் குறைந்த ஆர்செனிக் கரைசலில் முக்கும் முறையை வகுத்தார். மருந்தின் வலுவைக் குறைத்து இடைவெளியைச் சுருக்கியதே இங்கே முன்னேற்றம். அத்துடன் மாட்டு நடமாட்டக் கட்டுப்பாடும் நோயுற்ற மந்தைகளை அறுத்தொழிப்பதும் சேர்ந்து, 1950-களில் அந்நாடு இந்நோயிலிருந்து விடுபட்டது.

நீடித்த குளியலின் விலை

ரொடீசியாவில், இன்றைய ஜிம்பாப்வேயில், 1914 முதல் குளியல் கட்டாயமாயிற்று. தலைமுறைகள் கடந்தும் அது நின்றபாடில்லை. 1970-களின் விடுதலைப் போரில் கிராமப்புறத் தொட்டிகள் செயலிழந்தபோது, உண்ணி பரப்பும் நோய்களுக்கு ஏறத்தாழ 10 லட்சம் மாடுகள் பலியானதாக மதிப்பிடப்படுகிறது. குளியல் நின்றதால்தானே மாடுகள் செத்தன, இது குளியலின் அருமையை அல்லவா காட்டுகிறது என்று கேட்கலாம். பாதி விடை அதில் இருக்கிறது. அமெரிக்காவின் தெற்கு மாடுகளைக் காத்த கன்றுப்பருவத் தொற்று இங்கே பல பத்தாண்டுகளாகக் கிடைக்கவில்லை; உண்ணியும் முற்றாக அழியவில்லை. ஒழிக்காமலும் பழகவிடாமலும் வைத்த இடைநிலைதான் மந்தையை நிராயுதபாணியாக நிறுத்தியது. உண்ணிக்கு ஈடுகொடுக்காத ஐரோப்பிய இனங்களுக்குத் தொடர்ந்த பாதுகாப்பு தேவை என்பதும் மெய். ஆனால் அது எல்லா மந்தைக்கும் பொதுவிதி ஆகாது. தொடர்ந்த பயன்பாடு இன்னொரு வகையிலும் திருப்பியடித்தது: 1930-களிலேயே ஆர்செனிக்குக்குச் சாகாத உண்ணிகள் தோன்றின, பின்வந்த மருந்துகளுக்கும் அதே கதி நேர்ந்தது. கைவிடப்பட்ட தொட்டிகளைச் சுற்றிய மண்ணில் ஆர்செனிக் இன்றும் மக்காமல் கிடக்கிறது.

குளம்புக் குளியல்

குளம்புக்கும் இதே நியாயம் பொருந்தும். செம்மறிகளின் குளம்பழுகலுக்குக் காரணமான பாக்டீரியாவை 1941-இல் ஆஸ்திரேலியாவின் பெவரிட்ஜ் அடையாளம் காட்டினார். ஆட்டின் காலைவிட்டால் மேய்ச்சல் நிலத்தில் அது ஒரு வாரத்துக்கு மேல் பிழைப்பது அரிது. ஆகவே 10 விழுக்காட்டுத் துத்தநாக சல்பேட் கரைசலில் நிற்கவைத்து, ஒரு வாரம் ஆடு மேயாத நிலத்துக்கு மாற்றி, குணமாகாதவற்றைக் கழித்துவிட்டால் நோயை மந்தையிலிருந்தே அகற்றலாம். 1974-இல் இத்தாலியில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட கறவை மாட்டுக் குளம்புத்தோல் அழற்சி இதற்கு நேர்மாறு. அதை அகற்ற முடியாததால் பண்ணைகள் மயில்துத்தக் (செம்பு சல்பேட்) குளியலைத் தொடர்ந்துகொண்டே இருக்கின்றன. பழைய கரைசல் சாணக் குழம்போடு வயலுக்குப் போய் மண்ணில் செம்பை ஏற்றுகிறது. மாற்றான ஃபார்மலின் புற்றுநோய்க் காரணி என வகைப்படுத்தப்பட்டது. சாணம் கலந்த கரைசல் வீரியமிழப்பதால், சேறு குறைந்த தொழுவத் தரையே இங்கு முதல் மருந்து.

இன்றைய நிலை

ஊசிமருந்துகள் வந்தபின் தொட்டிக்கு வேலையில்லை என்பதும் முழு உண்மையன்று. பிரிட்டனில் 1973-இல் சொறி திரும்பியது; 1992-இல் கட்டாயக் குளியல் விலக்கப்பட்டது. நல்ல ஊசிமருந்துகள் கையிலிருந்தும், எல்லா மந்தைகளையும் ஒருசேரத் திரட்டும் சட்டம் இல்லாமற்போனதால் நோய் நாடெங்கும் பரவியது. 2018-இல் ஊசிமருந்துக்கு அடங்காத சொறிப்பூச்சிகள் அங்கே பதிவாக, குளியலின் தேவை மீண்டும் உணரப்பட்டது. டெக்சாஸ் எல்லைப் பட்டையிலோ குளியல் இன்னும் ஓயவில்லை. 1920-களிலும் 1930-களிலும் வேட்டைக்காகத் தெற்கு டெக்சாஸில் இறக்கிவிடப்பட்ட இந்திய நீலகாய்கள் பெருகி, மாட்டு உண்ணியைச் சுமந்து எல்லை கடக்கின்றன. மாட்டைக் கொல்லும் உண்ணிக்கு மருந்து உண்டு. அதைச் சுமக்கும் நீலகாயைத் தொட்டிக்கு ஓட்டிவர ஆளில்லை.