இலவச விளம்பரங்கள்: பார்ப்பதில் ஏன் இவ்வளவு சுவாரஸ்யம்? எதில் கவனம் தேவை?

சிலிம் ரிவரில் இருந்துகொண்டே, ஈப்போவில் யாரோ விற்கும் பழைய மோட்டாரையும், தஞ்சோங் மாலிமில் 'சும்மா எடுத்துக்கோங்க' என்று போட்ட சோபாவையும் பார்த்திருப்பீர்கள். வாங்கும் எண்ணமே இருக்காது. விரல் மட்டும் நிற்காது. காரணம் எளிது. பார்க்கக் காசு வேண்டாம், அடுத்து என்ன வரும்னும் தெரியாது.

எப்போது வந்தது?
மலேசியாவில் 'முடா' தளம் 2007-இல் தொடங்கியது. மலாயில் 'முடா' என்றால் 'எளிது'. சிங்கப்பூரின் 'கேரோசல்' 2012-இல் வந்தது. 2019-இல் இரண்டும் ஒரே குழுமத்தில் சேர்ந்தன.

அவர்களுக்கு வருமானம்?
பல பொருள்களுக்கு விளம்பரம் இலவசம். உங்கள் விளம்பரம் மேலே தெரியணும்னா கட்டணம் உண்டு.

எங்கே உஷார்?
விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவா? 'நிறைய பேர் கேக்குறாங்க, முதல்ல டெபாசிட் போடுங்க' என்கிறார்களா? நில்லுங்கள். அந்த வங்கிக் கணக்கு எண்ணை போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் தேடுங்கள். அங்கே புகார் எதுவும் இல்லையென்றாலும் அவசரப்பட வேண்டாம். சாமானை நேரில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்படாதீர்கள், உடனே வங்கியை அல்லது 997-ஐ அழையுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிவிடும்.