பெரகலையில் பிரித்துப் பின்னிய நூல்

கொழும்பு–மட்டக்களப்பு நெடுஞ்சாலையிலிருந்து அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் ஏறும் வீதி பிரிகின்ற இடந்தான் பெரகல. மலைக்காற்று எலும்பைத் துளைக்கும். கம்பளிக் குல்லா இங்கே ஆடம்பரப் பொருளன்று. அதைப் பின்னிய நூலில் இந்நாட்டின் பொருளாதார வரலாறும் சற்றுச் சிக்கிக் கிடக்கிறது.

1970 முதல் 1977 வரை ஆண்ட சிறிமாவோ அம்மையாரின் அரசு, அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. அரிசிக்கும் மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலம்; 1974இல் தோட்டங்களில் பட்டினி. குரோசே நூலைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

எங்கள் லயத்துப் பெரியம்மா ஒருவர் கவலைப்பட்டார். பழைய சுவெட்டர்களை வாங்கிப் பிரிப்பார். முழங்கைப் பகுதியின் நூல் தேய்ந்து மெலிந்திருக்கும். விலாப்புறத்து நூல் தடித்திருக்கும். எல்லாமே சுருண்டு கிடக்கும். அதைக் கழிகளாகச் சுற்றி நனைத்து, அடியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவார். காயும்போது சுருள் நீங்கும். மெலிந்த நூலை இரட்டையாகச் சேர்த்துப் பின்னுவார். உறுதியானதை இழுபடும் விளிம்புக்கு ஒதுக்குவார். இரு பந்துகளின் நிறம் ஒவ்வாவிட்டால், இதில் இரண்டு வரிசை, அதில் இரண்டு வரிசை என மாற்றிக்கொண்டே போவார். நிறம் ஓரிடத்தில் வெட்டித் தெரியாது. பார்த்தவர்கள் அதை வேலைப்பாடு என்றே எண்ணினார்கள். பத்து வயதுச் சிறுவனாகிய நானும் அப்படித்தான் எண்ணினேன்.

1977இல் ஆட்சி மாறிச் சந்தை திறந்தது. பண்டாரவளைக் கடைகளில் உறையிட்ட வெளிநாட்டு நூல் தொங்கியது. உறையில் சாயத் தொகுதி இலக்கம் இருக்கும். ஒரே தொட்டியில் தோய்ந்த நூலுக்கே ஒரே இலக்கம். ஆகவே தேவையான அத்தனையையும் ஒருமிக்க வாங்கிவிட வேண்டும் என்பது விதி. சம்பள நாளுக்குச் சம்பள நாள் ஒரு பந்து வாங்குகிறவளுக்கு அந்த இலக்கத்தால் என்ன பயன்? அடுத்த மாதம் அத்தொகுதி தீர்ந்திருக்கும். வசதியுள்ளவருக்கே சீரான நூல். இதை ஜவுளி வரலாறு எழுதுவோர் அதிகம் கவனிப்பதில்லை.

பின்னர் நகரத்து வியாபாரி ஒருவர் நூலைத் தாமே கொடுத்துக் குழந்தைக் குல்லாக்களைக் கூலிக்குப் பின்னச் சொன்னார். உறையில்லாத மலிவு நூல், நடுநடுவே முடிச்சு. ஒருமுறை பன்னிரண்டு குல்லாக்களில் நான்கின் வெண்மை மங்கலாயிருப்பதாகக் கூறி அவற்றுக்குக் கூலி தர மறுத்தார். நூலைத் தந்தவரும் அவரே, குறை கண்டவரும் அவரே! பெரியம்மா வாதாடவில்லை. அதன்பின் எந்த நூலையும் பகல் வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பார்த்து, ஒரு துண்டை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் கசிகிறதா என்று சோதித்த பிறகே ஏற்றுக்கொண்டார். அவ்வியாபாரி வருவதை நிறுத்திக்கொண்டார்.

2022இல் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்த டாலர், சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. அவ்வாண்டு பெரகல சென்றிருந்தபோது, பெரியம்மாவின் பேத்தி வாசற்படியில் அமர்ந்து ஒரு பச்சைச் சுவெட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கொடியில் கழிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் அடியில் கற்கள் ஆடின.