விசுவாசமும் நம்பிக்கையும்

ஈக்காட்டுத்தாங்கலில் மெட்ரோ ஏறினால் ஆலந்தூர், அடுத்தது பரங்கிமலை. இயேசுவின் சீடர் தோமா உயிர்நீத்த இடம் என்று மரபு சொல்லும் குன்று அது. உயிர்த்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர் அவர். அவர் மறுத்தது எதை? தமிழ்க் கிறிஸ்தவரிடம் அதற்கு இரண்டு சொற்கள்.

‘விசுவாசம்’ வடசொல். ‘ச்வஸ்’ என்ற வேருக்கு மூச்சுவிடுதல் என்று பொருள். பயமின்றி, நிம்மதியாக மூச்சுவிடுதல் என்பதிலிருந்து ஒருவரைச் சார்ந்திருத்தல் என்ற பொருள் வந்தது. நாய்க்கும் விசுவாசம் உண்டு என்கிறோமே, அங்கே அது நன்றி, பற்று. 2019 பொங்கலுக்கு வந்த அஜித் படத் தலைப்பிலும் அந்த வாடைதான்.

‘நம்பு’ தமிழ். இன்று அது மனம் ஒப்புவது. தொல்காப்பிய உரியியலிலோ அதற்கு நசை, அதாவது விருப்பம் என்று பொருள்! தலையசைப்பைவிட ஆழமான சொல்தான்.

வேதாகமத்தில்தான் சுவையான குழப்பம். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13ஆம் அதிகாரம் மூன்று பண்புகளைச் சொல்கிறது. சீர்திருத்தச் சபையாரின் பழைய மொழிபெயர்ப்பில் முதலாவது விசுவாசம், இரண்டாவது நம்பிக்கை. 1995இல் வந்த திருவிவிலியத்தில் நம்பிக்கை முதலிடத்துக்கு ஏறிவிட்டது; இரண்டாமிடத்துக்கு ‘எதிர்நோக்கு’ வந்தது. ஒரே சொல், இரு மொழிபெயர்ப்புகளில் இரு வேலை.

மூலக் கிரேக்கச் சொல் ‘பிஸ்டிஸ்’ ஒப்புதல், சார்ந்திருத்தல் இரண்டையும் சுமப்பது. யாக்கோபு தம் கடிதத்தில் அதைப் பிரித்துக் கிண்டல் செய்கிறார்: கடவுள் ஒருவரே என்று பேய்களும் நம்பி நடுங்குகின்றனவாம். அந்த நம்பிக்கைக்கு விசுவாசம் என்று பெயர் வைக்க எந்தப் போதகரும் தயங்குவார். பழைய மொழிபெயர்ப்போ அங்கும் தயங்காமல் ‘விசுவாசித்து’ என்றே போட்டிருக்கிறது.