பெயர் சூட்டிய கதை – 14: 127 ஆண்டுகள் கண்ணில் படாத அந்துப்பூச்சி

சென்ற வாரம் இலங்கையின் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் நின்றிருந்தோம். பூங்காவின் இயக்குநர் த்வைட்ஸின் மேற்பார்வையில் டி அல்விஸ் சகோதரர்கள் தீட்டிய பூச்சி ஓவியங்கள் லண்டன் போய்ச் சேர்ந்தன. அவற்றின் துணையோடு ஃபிரெடரிக் மூர் 1880 முதல் 1887 வரை இலங்கைப் பூச்சிகளைப் பற்றி மூன்று பெரிய தொகுதிகளை வெளியிட்டார். இத்தனைக்குப் பிறகும் அந்தத் தீவில் பெயர் பெறாத அந்துப்பூச்சி ஏதும் மிச்சம் இருந்ததா?

இருந்தது. அதற்குப் பெயர் வைத்தவர் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்தியவர்.

ஜார்ஜ் ஹாம்ப்ஸன் 1860இல் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் படித்துவிட்டு, சென்னை மாகாணத்தின் நீலகிரிக்குத் தோட்டக்காரராக வந்தார். இங்கே கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் தேடிப் பாறைக்குள் இறங்கத் தொடங்கிய காலம் அது. தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை என்ற நம் ஊரே அப்போது பிறக்கவில்லை. மலையில் ஹாம்ப்ஸனின் மனம் தேயிலையைவிட அந்துப்பூச்சிகளிடம்தான் சென்றது. இங்கிலாந்து திரும்பியதும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சம்பளம் வாங்காத தன்னார்வலராகப் போய் உட்கார்ந்தார். 1891இல் நீலகிரி அந்துப்பூச்சிகளைப் பற்றிய அவருடைய நூல் வந்தது. அடுத்து அவர் கை இலங்கைப் பெட்டிகளைத் திறந்தது.

அந்த மேசையில் நடந்த வேலையைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். பூச்சியின் நெஞ்சுப் பகுதியில் ஊசி குத்தி, இறக்கைகளை விரித்துக் காய வைத்திருப்பார்கள். ஊசியின் அடியில் ஒரு சிறு சீட்டு இருக்கும்: பிடித்த இடம், நாள், பிடித்தவர். சீட்டு தொலைந்தால் பூச்சிக்குப் பாதி மதிப்பு போய்விடும். இறக்கையில் ஓடும் நரம்புகள் எங்கே பிரிகின்றன, எங்கே சேர்கின்றன என்பதை ஹாம்ப்ஸன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருடைய வகைப்பாட்டுக்கு முதுகெலும்பே அந்த நரம்புகள்தான். பிறகு, அதுவரை அச்சில் வந்த விவரிப்புகளோடு ஒப்பிட வேண்டும். எதோடும் பொருந்தவில்லை என்று உறுதியான பின்னரே புதுப் பெயர்.

இலங்கை அந்துப்பூச்சிகளைப் பற்றிய அவருடைய நூல் 1893இல் வந்தது. அதில் விவரிப்பும் படமுமாக ஒரு புதிய இனம் இருந்தது: மிமியூசீமியா சிலோனிகா.

அதோடு அந்தப் பூச்சி மறைந்துபோனது.

ஹாம்ப்ஸன் தன் வேலையைத் தொடர்ந்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் அந்துப்பூச்சிகளைப் பற்றிய நான்கு தொகுதிகளை 1896இல் முடித்தார். 1936இல் காலமானார். சிலோனிகாவைப் பார்த்ததாக யாரும் எழுதவில்லை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அந்த இடைவெளிக்குள் தங்கவயலின் வாழ்வும் தாழ்வும் அடங்கிவிடும். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியாக இங்கே மின்சாரம் வந்தது. 1956இல் சுரங்கங்கள் அரசுக் கைக்கு மாறின. 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன. அந்தப் பூச்சி மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

அழிந்துவிட்டதா? ஹாம்ப்ஸனே தவறு செய்துவிட்டாரா?

பதில் இலங்கையிலிருந்து வரவில்லை. கடலுக்கு இந்தப் பக்கம், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தது. 2020 அக்டோபரில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகப் பகுதியில், அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தின் ஆய்வாளர்கள் வண்ணமயமான ஓர் அந்துப்பூச்சியைக் கண்டார்கள். இலங்கைப் பூச்சிக்குப் பொதிகை மலையில் என்ன வேலை? பனியுகங்களில் கடல்மட்டம் தாழ்ந்தபோது தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையே நிலம் தலைகாட்டியது. உயிர்கள் இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் உயிரியலாளர்கள் ஒரே உயிர்வளப் பகுதியாகக் கருதுவது இதனால்தான்.

அது சிலோனிகாதான். 127 ஆண்டுகளுக்குப் பின் முதல் பதிவு. இந்தியாவில் அதுவே முதல்முறை.

ஹாம்ப்ஸன் 1893இல் எழுதிய வரிகளும் அச்சான படமும் இல்லாவிட்டால் இந்த இடத்தில் என்ன நடந்திருக்கும்? அழகான பூச்சி என்று ஒரு படம் எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். மீண்டும் கண்டது என்று சொல்லவே வாய்ப்பு இருந்திருக்காது. ஓர் உயிரைச் சரியாக விவரித்து வைப்பது, இன்னும் பிறக்காதவர்களுக்குச் செய்யும் உதவி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்றைக்கு விதிகள் இன்னும் கடுமை. மூல மாதிரியை வெளிப்படையாக அறிவித்து, அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று எழுதியாக வேண்டும். வயிற்றின் நுனியைக் காரக் கரைசலில் ஊறவைத்து, இனப்பெருக்க உறுப்புகளைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். வெளித் தோற்றத்தில் இரட்டைப் பிறவிகளாக இருக்கும் இனங்கள் அங்கேதான் பிரிகின்றன. டி.என்.ஏ. ஒப்பீடும் சேர்ந்துகொள்கிறது.

இந்தியாவில் அறியப்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் பத்தாயிரத்துக்கும் மேல். இன்னும் பெயர் பெறாதவை எத்தனையோ. ராபர்ட்சன்பேட்டை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் ஜூலைக் கடைசியில் உலகம் முழுவதும் தேசிய அந்துப்பூச்சி வாரம் நடக்கிறது. மொட்டைமாடியிலோ பேத்தமங்கலம் ஏரிப் பக்கத்துத் தோட்டத்திலோ ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, முன்னால் ஒரு பல்பைப் போடுங்கள். வந்து உட்காருவதைப் பிடிக்க வேண்டாம், கொல்ல வேண்டாம். படம் எடுத்து இடத்தையும் நாளையும் எழுதி வையுங்கள். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளைச் சுற்றிய புதர்க்காட்டில் என்னென்ன பறக்கின்றன என்பதை இங்கே வாழும் நாம்தான் முதலில் எழுத வேண்டும்.

பெயர் வைத்தாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று ஓர் உயிரை விட்டுவிட முடியுமா? முடியாது. அதற்குச் சாட்சி நம் கோலார் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஹனுமனஹள்ளியின் பாறைக்குகையில் வாழும் ஒரு வௌவாலுக்கு 1994இல்தான் அறிவியல் பெயர் கிடைத்தது. உலகில் வேறெங்கும் அது வாழ்வதாகத் தெரியவில்லை. எண்ணிக்கை இருநூறுக்கும் கீழே இறங்கியிருந்த நேரத்தில், அதன் குகைப் பாறைகளைச் சுற்றிக் கருங்கல் வெட்டும் சத்தம் கேட்டது.

குகை தப்பியதா? அடுத்த வாரம்.