வயநாட்டில் பழகிய வெளிச்சம்: பாலு மகேந்திராவின் மலையாள ஆண்டுகள்

பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவைப் பேசும் தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் 1978இல், 'முள்ளும் மலரும்' படத்தில்தான் தொடங்குகின்றன. அந்தப் படத்துக்கு வந்தபோது அவர் புதியவரல்லர். மலையாளத்தில் பல படங்களுக்குக் கேமரா பிடித்து, கேரள மாநில விருதும் வாங்கியிருந்தார். தமிழில் அவரது தனி முத்திரையாகக் கொண்டாடப்படும் இயற்கை ஒளி கேரளத்தில் பழகி முதிர்ந்த ஒன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் 1939இல் பிறந்தவர். பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளிவந்தார். அவரைத் திரைக்கு அழைத்தவர் மலையாள இயக்குநர் ராமு காரியாட். இந்த அழைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 'செம்மீன்' (1965) எடுத்தபோது காரியாட் நம்பியது மார்க்கஸ் பார்ட்லியை. 'மாயா பஜார்' (1957) படத்தின் நிலவொளியை உருவாக்கிய அவர், சென்னை ஸ்டூடியோ மரபின் உச்சம். 'செம்மீன்' குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்றது. அப்படியிருந்தும், பி. வத்ஸலாவின் நாவலை ஒட்டி வயநாட்டைக் களமாகக் கொண்ட 'நெல்லு' (1974) படத்துக்கு அதே காரியாட் ஒரு பூனா மாணவரிடம் கேமராவைக் கொடுத்தார். ஒரே இயக்குநர், பத்தாண்டுக்குள், ஒரு மரபிலிருந்து இன்னொரு மரபுக்கு மாறிய இடம் இது.

மாற்றம் எதில்? ஸ்டூடியோ மரபில் முகத்தில் நிழல் விழுவது குற்றம். உள்ளே வரிசையாக விளக்குகள். வெளியே போனாலும் ரிஃப்ளெக்டர் கொண்டு நிழலைத் துடைத்துவிடுவார்கள். தலைமுடி ஓரத்தில் பேக்லைட் மின்னும். அது எங்கிருந்து வருகிறதென்று யாரும் கேட்பதில்லை. பாலு மகேந்திரா அதைக் கேட்டார். ஜன்னல் இருந்தால் ஒளி அந்தப் பக்கமிருந்துதான் வர வேண்டும். மற்ற பக்கம் இருண்டால் இருளட்டும். சொல்வது எளிது. அன்றைய ஈஸ்ட்மன் கலர் நெகட்டிவின் வேகம் 100 ஏ.எஸ்.ஏ. மட்டுமே, ஓட்டு வீட்டின் ஜன்னல் வெளிச்சம் அதற்குப் போதாது. லென்ஸை முழுக்கத் திறந்தால் நடிகர் ஓர் அடி நகர்ந்தாலும் ஃபோகஸ் போய்விடும். தெர்மோகோல் பலகையில் விளக்கை அடித்து, அங்கிருந்து திரும்பும் மெல்லொளியை மட்டும் முகத்துக்கு அனுப்பும் முறை இந்த நெருக்கடிக்குத்தான் கைகொடுத்தது.

'நெல்லு' அவருக்குக் கேரள அரசின் சிறந்த ஒளிப்பதிவாளர் விருதைத் தந்தது. சேதுமாதவனின் 'சட்டக்காரி' (1974), பரதனின் முதல் படமான 'பிரயாணம்' (1975) ஆகியவையும் இக்காலத்தவையே. வயநாட்டிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒளியை மட்டுமல்ல. 'நெல்லு'வின் இசையமைப்பாளர் சலில் சௌத்ரிதான், பாலு மகேந்திரா முதலில் இயக்கிய கன்னடப் படம் 'கோகிலா'வுக்கும் (1977), தமிழில் அவர் இயக்கிய முதல் படமான 'அழியாத கோலங்க'ளுக்கும் (1979) இசை. 'கோகிலா' ஒளிப்பதிவுக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

இந்தப் பின்னணியோடு 'முள்ளும் மலரும்' பார்த்தால், சிருங்கேரி மலைச்சாரலின் பசுமையும், முகத்தின் பாதி நிழலில் நிற்கும் வின்ச் ஆபரேட்டர் காளியும் திடீர் வரவுகள் அல்ல. பாலு மகேந்திரா ஒருவர் மட்டும் இந்த வழியே வரவுமில்லை. 'பதினாறு வயதினிலே' (1977) படத்துக்கு ஒளிப்பதிவு செய்த நிவாஸ் கோழிக்கோட்டுக்காரர். மலையாளத்தில் 'மோகினியாட்டம்' படத்துக்குக் கேமரா பிடித்துவிட்டு வந்தவர். 'உதிரிப்பூக்கள்' (1979) ஒளிப்பதிவாளர் அசோக் குமாரும் மலையாளத்தில் பெயர் வாங்கிய பிறகே தமிழுக்கு வந்தார். எழுபதுகளின் இறுதியில் தமிழ்ச் சினிமா ஸ்டூடியோவை விட்டு வெளியேறிய கதையில் இயக்குநர்களின் பெயரே உரக்க ஒலிக்கிறது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

பின்னாளில் பாலு மகேந்திரா இயக்குநராகவே மலையாளத்துக்குத் திரும்பி 'ஓளங்கள்' (1982), 'யாத்ரா' (1985) எடுத்தார். 'மூன்றாம் பிறை' (1982) இரண்டாம் முறை தேசிய விருதைத் தந்தது. ஆனால் தெர்மோகோல் பலகையின் சிக்கனம் முழுமையடைந்தது 'வீடு' (1988) படத்தில்தான் என்பேன். கட்டி முடியாத சுவர்களுக்கிடையே விழும் பகல் வெளிச்சத்துக்கு அங்கே அலங்காரமே கிடையாது.

திரைப்படக் கல்லூரிகளில் 'முள்ளும் மலரும்' பாடமாக வைக்கப்படும்போது, அதற்கு முந்தைய வகுப்பில் 'நெல்லு' திரையிடப்பட வேண்டும்.